‘அப்பா’ என்றதோடு நின்றது

“அப்பா…”

கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து குரல் வந்தது. உடனே ‘டப்’பென்று அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் பெற்று மறுபடியும், “அப்பா…”

நண்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைத் தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களில் அவனும் ஒருவன்.

“காலையிலேர்ந்து இப்படித்தான் அண்ணா. எப்படியாவது நிறுத்துங்களேன்,” என்றாள் இறந்தவனின் மனைவி. வாசற்படியிலேயே நின்றாள். அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அப்பாவுக்குப் பார்வை போனதும் மகனே உட்கார்ந்து எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம் அது. எந்தக் கடையிலும் கிடைக்காது. திரை கிடையாது, மவுஸ் கிடையாது; கீபோர்டு மட்டும்தான். சுவிட்சைப் போட்டால், “அப்பா, எழுந்தாச்சா? இன்னைக்கு என்ன படிக்கலாம்?” என்று மகனின் குரலிலேயே கேட்கும். செய்தித்தாள், கதைப் புத்தகம், மெயில் எல்லாம் படித்துக் காட்டும். மகன் விபத்தில் போன பிறகும் பெரியவருக்குக் கண்ணாக இருந்தது அதுதான்.

நண்பன் தான் கொண்டுவந்த திரையைப் பொருத்தினான். வெள்ளை எழுத்துகள் சரசரவென ஓடி, ஓரிடத்தில் திக்கி நின்றன.

“பெட்டியில பழுது இல்லை. யாரோ ஃபைலை அழிச்சிருக்காங்க.”

“யாரோவா? வீட்டுல இருக்கிறதே நானும் மாமாவும்தானே அண்ணா!”

நண்பனும் அதைத்தான் யோசித்தான்.

நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர், “மனுஷனே பாதியில போயிடுறான். மெஷின் போகாதா?” என்றார்.

நண்பன் தன்னிடமிருந்த பிரதியிலிருந்து ஃபைலை மீட்டுப் போட்டான். குரல் முழுசாகப் பேசியது. பெரியவர் முகம் மலர்ந்தது.

வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் போன்.

“அண்ணா, இப்போ ‘அப்பா’கூட இல்லை. பொணம் மாதிரி கிடக்கு.”

வந்து பார்த்தான். இந்த முறை கைதேர்ந்த வேலை. சிஸ்டம் எழுந்திருக்கவே வழியில்லாதபடி, முதலில் ஓட வேண்டிய ஃபைலையே தேடிப் பிடித்து அழித்திருந்தார்கள்.

அவளைத் தனியே கூப்பிட்டான்.

“மறைக்காம சொல்லும்மா. நீதானே?”

“என்ன அண்ணா சொல்றீங்க?”

“அவன் இதை எழுதினப்போ பக்கத்துல இருந்து பார்த்தவ நீ. மாமனார் மேல வருத்தம் இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. கண்ணு தெரியாத மனுஷன் கையில இருக்கிற கோலைப் பிடுங்காதே.”

“நானா? மாமாவுக்கு அது வேணும்னுதானே நான்…” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க அண்ணா. அது போதும்.”

உள்ளே போய்விட்டாள்.

சரியான கல்லுளிமங்கி, என்று நினைத்துக்கொண்டான்.

வேலையை முடித்து, பெரியவரிடம் விடைபெற்றுத் தெருமுனை வரை போனவனுக்குத் திரையைக் கழற்றாமல் வந்தது ஞாபகம் வந்தது. திரும்பினான்.

நல்ல வெயில் நேரம். ஆனால் அந்த அறையில் மட்டும் இருட்டு. யாரோ ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து கீபோர்டு சத்தம்.

டக்டக்… டக். டக்டக்… டக்.

வாசலிலேயே நின்றுவிட்டான். ஆபீசில் வருஷக்கணக்காகப் பக்கத்து மேஜையிலிருந்து கேட்ட சத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. செத்துப்போனவன் அப்படித்தான் தட்டுவான்.

கதவை லேசாகத் தள்ளினான். திரையின் மங்கல் வெளிச்சத்தில் ஓர் உருவம் குனிந்திருந்தது. வழித்த தலை, ஒடுங்கிய தோள்.

“அப்பா…” என்றான்.

விரல்கள் உறைந்தன. உருவம் நடுங்கியது.

“நீயாடா? வந்துட்டியா?”

“நான்தாம்ப்பா. அவனோட ஃபிரெண்டு.”

பெரியவர் நீளமாக மூச்சு விட்டார். “ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்.”

விளக்கைப் போட்டான். கொஞ்சம் முன்னால்தான் அவன் மீட்டுக்கொடுத்த ஃபைலை அழிக்கும் கட்டளை, திரையில் பாதி எழுதியபடி நின்றது.

“நீங்களாப்பா? உங்களுக்கு எப்படி இதெல்லாம்…”

“அவன் சோதிச்சுப் பார்த்த எலியே நான்தானேப்பா. என் விரலைப் பிடிச்சு, அவன் தட்டுற மாதிரியே தட்டச் சொல்லிக் குடுத்தான். முதல் தடவை தப்பான ஃபைலை அழிச்சுட்டேன். ‘அப்பா’ங்கிறது மட்டும் மிச்சம் நின்னுடுச்சு. அது இன்னும் கொடுமையாப் போச்சு.”

“அவன் குரலைக் கேட்க முடியலைன்னா சொல்லியிருக்கலாமே. வேற குரல் போட்டுத் தந்திருப்பேனே!”

“கேட்க முடியலையா? அதைக் கேட்கத்தானேப்பா தினமும் எந்திரிக்கிறேன்!”

“அப்புறம் ஏன்?”

“குரலை மாத்துன்னு சொன்னா, ‘எனக்காகவா மாமா, வேண்டவே வேண்டாம்’னு மருமக குறுக்கே நிப்பா. தானா கெட்டுப்போச்சுன்னா யாரும் யாரையும் ஒண்ணும் கேட்க வேண்டியதில்லை பாரு.”

“எனக்குப் புரியலைப்பா.”

பெரியவர் வாசல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணுதான் போச்சு, காது நல்லாக் கேட்குது. தினம் காலையில இது ‘அப்பா, எழுந்தாச்சா’ன்னதும் சமையல்கட்டுல பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்னுடுதுப்பா… அப்புறம் எனக்குக் கேட்கக் கூடாதுன்னு குழாயை முழுசாத் திறந்து விட்டுக்கிறா.”