தூங்கிவிட்டால் நின்றுவிடுமா?

அது 1985-ஆம் வருடக் கோடை. மூன்றாவது ஏசி கடையிலும் காசம்மாள் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"நான் தூங்கிட்டா இது நின்னுடுமா?"

ஜெயாவுக்கு மானம் போனது. பாகூரில் இரண்டு செங்கல் சூளைக்குச் சொந்தக்காரி, காலேஜ் படித்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

முதல் கடையில் இதற்குச் சிரித்தார்கள். இரண்டாவது கடைக்காரர் காதிலேயே வாங்கவில்லை.

ஜெயா கையிலிருந்த தாளில் மூன்று விலையும் இருந்தன. முதல் கடை பதினாலாயிரம். அடுத்தது ஆயிரம் குறைவு, ஆனால் ஸ்டெபிலைசர் தனி. இங்கே எல்லாம் சேர்த்துப் பதிமூன்றரை.

அம்மா அந்தத் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நீங்க தூங்கினா இன்னாம்மா, ஊரே தூங்கினாலும் ஓடும்," என்றார் இந்தக் கடைக்காரர். "கரண்டுதான் மணிக்கு எண்பது காசு ஆவும்."

"எண்பது காசா! கூலி ஜாஸ்திதான்டி," என்றாள் அம்மா மகளிடம். "பரவால்ல. இதையே கட்டச் சொல்லு."

சூளை நெருப்பில் முப்பது வருடம் வெந்த உடம்பு, அதனால்தான் குளிர்ச்சி கேட்கிறது என்று ஜெயா நினைத்துக்கொண்டாள். மதியத்தில் அம்மா கண் மூடி அவள் பார்த்ததே இல்லை. உட்கார்ந்தால்கூடச் சுவரில் சாய மாட்டாள். இந்தப் பெட்டி வந்தாவது ஒரே ஒரு மதியம் தூங்கிவிட மாட்டாளா?

மறுநாள் மெக்கானிக் புது வீட்டுக்கு வந்தார். புது வீடு என்பது பேச்சுக்குத்தான். ஊர் மிராசுதாரின் பேரன்களிடமிருந்து தை மாதம் வாங்கிய பழைய மெத்தை வீடு.

ஆறு அறையில் அம்மா காட்டியது, வராந்தாவை ஒட்டிய பெரிய அறையை.

"செவுத்த எங்க உடைக்கட்டும்?"

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை நுழைத்தாள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஓட்டை. விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இங்க. பாதி வேலய நான் அப்பவே முடிச்சுட்டேன், கூலியக் கொறச்சுக்கப்பா."

மூன்றாம் நாள், சாப்பிட்ட கையோடு அம்மா அந்த அறையில் பாயை விரித்தாள். ஜெயா எட்டிப் பார்த்தபோது வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை.

ஐந்து மணிக்குத் திடுக்கிட்டு எழுந்தவள், இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

பிறகு மெல்லக் கைகளை இறக்கினாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜெயா! நான் தூங்கிட்டேன்டி! நிக்கவே இல்ல பாரு!"

பங்கா என்று ஒன்று இருந்ததை ஜெயா அன்றுதான் கேள்விப்பட்டாள். இதே அறையின் உத்திரத்தில் காற்று வீச ஒரு துணித் தட்டி தொங்குமாம். அதன் கயிறு அந்த ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். மிராசுதார் தூங்கி எழும்வரை, ஒன்பது வயதுக் காசம்மாள் வெளியே குந்தி அதை இழுக்க வேண்டும். ஒரு மதியத்துக்கு ஒரு குவளைக் கஞ்சி. கண் அசந்து காற்று நின்றால், உள்ளேயிருந்து செம்பு பறந்து வரும்.



அம்மா கொட்டாவி விட்டபடி மறுபடியும் பாயில் சாய்ந்தாள்.

"அது இழுக்கட்டும். நீ என்ன எழுப்பாத."