மஞ்சக்குப்பத்தில் நின்ற கார்

"சிங்கப்பூர்லேர்ந்து மெட்ராசுக்கு நாலு மணி நேரத்துல வந்துட்டேன் மச்சான். மெட்ராஸ்லேர்ந்து சிதம்பரத்துக்கு நீ ஒரு நாள் பூரா ஆக்கிடுவ போலிருக்கே!"

ராஜவேலு எரிந்து விழுந்தான். காரை ஓட்டிக்கொண்டிருந்த கதிரவன், ராஜவேலுவின் பெண்டாட்டி எழிலரசியின் அண்ணன், காதிலேயே வாங்கவில்லை.

நேற்று சாயங்காலம்தான் அப்பாவைப் பற்றி ராஜவேலுவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. 'நைனாவுக்கு மூச்சு வாங்குது. ஒன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு. ஒடனே கெளம்பி வா.'

கிடைத்த பிளைட்டில் ஏறிவிட்டான். மேலே பறந்தவரை பைலட்டைத் திட்ட முடியவில்லை. கீழே இறங்கியதும் திட்டுவதற்கு மச்சான் கிடைத்தான்.

"போனைக் குடு. நைனா எப்படி இருக்காருன்னு கேக்கறேன்."

"சார்ஜ் இல்ல மாப்ள. பாண்டியிலயே ஆஃப் ஆயிடுச்சு."

ராஜவேலுவின் சிங்கப்பூர் சிம்மோ இங்கே வேலை செய்யவில்லை.

கடலூர் வந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டி, ஒரு ஓட்டல் வாசலில் கதிரவன் காரை ஓரங்கட்டினான்.

"எறங்கு மாப்ள. சாப்ட்டுட்டுப் போவலாம்."

"என்னாது? அங்க மனுசன் உசுரைக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்கறாரு. ஒனக்குச் சோறு கேக்குதா? இன்னும் ஒரு மணி நேரம்தான். ஓட்டு!"

"பசி காதை அடைக்குது. சாப்புடாம என்னால ஓட்ட முடியாது."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான் கல்லுளிமங்கன். வேறு வழி? ராஜவேலு பின்னாலேயே போனான்.

சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கிளம்பலாமே என்று அள்ளி அள்ளி விழுங்கினான்.

"ரசம் ஊத்திக்க மாப்ள... மோரும் வாங்கிக்க. சுகர் மாத்திரை போட்டியா?"

ஆமாம், அக்கறை ரொம்ப ஜாஸ்தி!

கை கழுவ எழுந்தபோதுதான் ராஜவேலு கவனித்தான். பசி காதை அடைத்தவனின் இலையில் சோறு வைத்தது வைத்தபடியே கிடந்தது.

"ஒரு வாய் கூடத் திங்கல! இதுக்கா வண்டிய நிறுத்துன? நைனா மொகத்தைப் பாக்க முடியாமப் போச்சுன்னா, செத்தாலும் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் மச்சான்."

கதிரவன் சாவியைத் திருகினான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று கார் பறந்தது.

தெருவில் திரும்பியதும் வீட்டு வாசலில் பந்தல் தெரிந்தது. வரிசையாக நாற்காலிகள். தலையைக் குனிந்தபடி ஊர்க்காரர்கள்.

"நைனா!"

இறங்கி ஓடினான். தலைவிரி கோலமாக ஓடிவந்த எழிலரசி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்:

"காலையிலயே போன்ல சொன்னேனே, இவரைச் சாப்புட வச்சிட்டியாண்ணே? சுகர் ஒடம்பு... கொள்ளி வைக்கிற வரைக்கும் இனிமே பல்லுல பச்சத்தண்ணி படாதே!"