இருநூற்று நாற்பது நாள்

கடிதத்தைப் பேராசிரியை இரண்டாம் முறை படித்தாள்.

நான்கே வரி. குடும்பச் சூழ்நிலை காரணமாக ஆய்வைத் தொடர இயலவில்லை. கீழே பெமிலாவின் கையெழுத்து.

மேசைக்கு எதிரே பெமிலா நின்றுகொண்டிருந்தாள். ஏழாம் மாதம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நாலரை வருட உழைப்பு. மன்னார் வளைகுடாவின் கடற்பாசிகள். பாக்கி இருந்தது ஒரே ஓர் அத்தியாயம்.

"வீட்ல ஏதும் சொல்றாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். பிள்ள பெத்த நாப்பதாம் நாளே நீங்க லேபுக்கு வந்துட்டீங்கன்னு இங்க எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

அந்தப் பேச்சைக் கேட்டுப் பேராசிரியை பல வருடம் பெருமைப்பட்டிருக்கிறாள்.

அந்த நாற்பதாம் நாள் மதியம், கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு, பாலில் நனைந்த ரவிக்கையை அலசிப் பிழிந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். கோப்புகளுக்கு அடியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினாள்.

ஆய்வு மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு. இருநூற்று நாற்பது நாள். உதவித்தொகையும் நிற்காது.

பெமிலா நின்றபடியே படித்து முடித்தாள். பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த லெட்டர..."

"கிழிச்சுப் போட்டுரலாம். விண்ணப்பத்த நாளைக்கே கொண்டு வா."

பெமிலாவின் பார்வை தாளின் மேல்மூலைக்குப் போனது. தேதி.

"இது வந்து எட்டு வருஷமாச்சா மேடம்?"

"ம்."

"அப்ப மணிமொழி அக்கா?"

மணிமொழி, பெமிலாவுக்கு முன் இதே ஆய்வகத்தில் இருந்தவள். ஆறு வருடத்துக்கு முன், நிறைமாதத்தில் வந்து இதேபோல ஒரு கடிதம் தந்தாள். திட்ட அறிக்கைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். எட்டு மாதம் ஆளில்லாமல் இருப்பதைவிடப் புதிதாக ஒருத்தியை எடுப்பது சுலபம்.

சுற்றறிக்கை அப்போதும் இதே அலமாரியில்தான் இருந்தது.

பெமிலா காத்திருந்தாள்.

"அப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் பேராசிரியை.

பெமிலா எழுந்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பழைய கோப்பில் மணிமொழியின் எண் இருந்தது. மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் அழைத்தாள். ஒருவகையில், மாறியிருக்க வேண்டும் என்றும்.

எடுத்தது ஒரு சிறுமி.

"அம்மா மாடியில துணி காயப்போடறாங்க. நீங்க யாரு பேசறீங்க?"