முற்றத்துக் கோலம்

“பூட்டின வீட்ல யாரைடி குடி வெச்சிருக்கே?” தேவராஜன் கத்தியது சின்னக் காஞ்சிபுரம் முழுக்கக் கேட்டது.

“சாவி உன் பூணூல்லன்னா தொங்கறது, அண்ணா!” என்றாள் தங்கை குமுதவல்லி.

அம்மா போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. தேவராஜனுக்கு மகள் ஸௌம்யாவின் கல்யாணத்துக்காக அதை விற்றாக வேண்டும். புரோக்கர் லோகேஸ்வரன் ரிமோட் ஹெலிகாப்டரில் கேமராவைக் கட்டி, மேலிருந்து படமெடுத்தான். படத்தில், நடு முற்றத்தில் பளிச்சென்று புதுக்கோலம்.

திறந்து பார்த்தால் புறா எச்சமும் தூசியும்தான். ஒரு காலடித் தடம்கூட இல்லை.

“இன்னொரு தபா பறக்க உடறேன் சாமி,” என்றான் லோகேஸ்வரன். மறுநாள் படத்தில் வேறு கோலம். ஆள் இருக்கும் வீடென்று, வாங்க வந்தவர்கள் நழுவினார்கள்.

மாசியில் ஒருநாள் எடுத்த படத்தில் மட்டும் முற்றம் வெறுமையாக இருந்தது. அதைக் காட்டியே தேவராஜன் வீட்டை விற்றார். அது அம்மாவின் திதி நாள். திதியன்று கோலம் போடுவதில்லை என்பது, சிராத்தம் பண்ணிய பிள்ளைக்கு உறைக்கவில்லை, குமுதவல்லிக்கு உறைத்தது.

ஸௌம்யா பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டாள். தேவராஜனும் அங்கேயே போய்விட்டார். ஓரிக்கைக்குக் குடிபோன குமுதவல்லி தினமும் வாசல் தெளிப்பாள், கோலம் மட்டும் போடுவதில்லை. சோம்பேறி என்கிறது தெரு. கோலமாவுக் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.