கவினின் ஓட்டு

மண்டி மொஹல்லா பகுதியிலிருந்து ஒன்றாக வந்தும், பல்கலைக்கழக வாசலுக்கு ஒரு தெரு முன்னாலேயே கவின் ஸ்கூட்டரை நிறுத்தினான். வைஷாலி இறங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஓட்டுப்பதிவு. இன்னைக்காவது சேர்ந்து உள்ளே போலாமே?"

"ஃப்ரெண்ட்ஸ் பார்த்தா கிண்டல் பண்ணுவாங்க. என்னைத் தெரியாத மாதிரியே இரு, ப்ளீஸ்."

"சரி. எனக்கு ஓட்டாவது போடுவியா?"

"பரத் என் ஃப்ரெண்டு. அவனை எதிர்த்து உன்னை யாரு நிக்கச் சொன்னாங்க?" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

பெண்களுக்கு ஓர் ஓய்வறை வேண்டும் என்றுதான் மாணவர் சங்கச் செயலாளர் பதவிக்கு அவள் நின்றாள். ஆனால் மனசு ஏங்கியது வேறொன்றுக்கு. ஒரு வருஷமாக ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். நாலு பேர் முன்னால் கவின் அவளைக் கூப்பிட்டதே இல்லை. கேண்டீனில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டால், டீயை ஆறவிட்டு அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. பரத் ஜெயித்துவிட்டான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய கூட்டத்தில் கவினும் இருந்தான்.

"வீட்டில் சமைக்காமல் இந்த ஆன்ட்டிக்கு எதுக்கு எலெக்ஷன்?" என்று ஒருத்தன் கன்னடத்தில் கத்தினான். கூட்டம் சிரித்தது.

கவின் சிரிக்கவில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேராக வைஷாலியிடம் வந்தான்.

"நான் உனக்குத்தான் போட்டேன், அம்மா" என்றான், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை முடிக்க வந்தவள், தோற்றதற்கு வராத அழுகையை அப்போதுதான் அழுதாள்.