கேட்டதுக்கு மட்டும் பதில்

"எத்தனை நாள்?"

"பத்து... பதினோரு நாள்."

"பத்தா, பதினொண்ணா? இப்படி இழுத்தீங்கன்னா அங்கேயே சந்தேகம் வந்துடும்," என்றாள் ஜூலியட்.

வால்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டார். "மே எட்டுலேர்ந்து பதினெட்டு வரைக்கும். பதினோரு நாள்."

அந்த வீட்டில் மூன்று நாளாகச் சீரியல் ஓடவில்லை, கேள்வி-பதில்தான் ஓடுகிறது என்பது சாந்தோமில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினால் கேட்காது என்று அவர்களுக்கு நினைப்பு. பாவம், அவர்கள் பதற்றம் அவர்களுக்கு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து முதல் வெளிநாடு. அதுவும் ரெண்டே பேராக! தரமணி ஆபீஸில் ஐம்பது பேரை மேய்க்கிற வால்டர், டைனிங் டேபிளில் மனைவிக்கு எதிரே, படிக்காமல் பரீட்சைக்கு வந்தவர்போல வியர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் போர்ச்சுகல்?"

"லிஸ்பன், போர்ட்டோ ரெண்டும் பழைய காலத்து ஊரு. கோட்டை, அரண்மனை எல்லாம் இருக்கு. நடுவுல ஆத்தோரமா மலை, திராட்சைத் தோட்டம். கடைசி மூணு நாள் தெற்கே பீச். அப்புறம் அங்க ஒரு பெரிய கோயி..."

"என்னங்க!" ஜூலியட் மேஜையைத் தட்டிய தட்டில் தம்ளர் குதித்தது. "கோயில், மாதா, நேர்ச்சை, இதுல ஒரு வார்த்தை வாயில வந்தாலும் காரியம் கெட்டுது. டூரிஸ்ட்னா டூரிஸ்ட். கேட்டதுக்கு மட்டும் பதில்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"போன தடவை உண்மையைத்தானே சொன்னீங்க? என்ன ஆச்சு?"

வால்டர் தம்ளரில் மீதியிருந்த தண்ணீரையும் குடித்து முடித்தார். அந்தப் போன தடவையைச் சொன்னால் போதும், மனிதர் அடங்கிவிடுவார்.

மறுநாள் காலை, அயர்ன் பண்ணின சட்டை, மடியில் ஃபைல் சகிதம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அடையாறு வருவதற்குள் நாலு தடவை ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது? ஆஸ்பத்திரிக்கா?"

"இண்டர்வியூப்பா."

"இந்த வயசுலயா?"

பக்கத்தில் இருந்த ஜூலியட் சிரிக்கவில்லை. இறங்கிய இடத்தில் இரண்டாவது மாடி. வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஓர் இளம் ஜோடி தொங்கிய முகத்தோடு வந்தது. அந்தப் பையன் வால்டரைப் பார்த்துக் கையை விரித்தான். வால்டர் ஐந்தாவது தடவையாக ஃபைலைத் திறந்தார்.

"உள்ள வரலாம்," என்றது குரல்.

எதிரே இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். ஃபைலுக்குக் கை நீட்டினார். டிக்கெட், ஹோட்டல் புக்கிங், எல்லாவற்றையும் எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"எத்தனை நாள்?"

"பதினோரு நாள்." கணீரென்று வந்தது. ஜூலியட் லேசாகத் தலையாட்டினாள்.

"கூட யாரு?"

"மனைவி மட்டும்."

"வேற யாரும்?"

"இல்ல." இங்கே குரல் கொஞ்சம் பிசிறியது.

"பீச்சுனு போட்டிருக்கு. இங்க இல்லாத பீச்சா?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. ஆனாலும் வால்டருக்கு எங்கிருந்தோ பதில் வந்தது: "இங்க நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கத்தான் போறோம். சும்மா உட்கார ஒரு பீச்சுக்கும் போனதே இல்ல."

எதிரே இருந்தவரின் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து மறைந்தது.

"கோயில், குளம்?"

"ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்ல! நாங்க டூரிஸ்ட்!"

அவர் அதைச் சொன்ன வேகத்தில் ஜூலியட் கண்ணை மூடிக்கொண்டாள். தொலைந்தது!

எதிரே இருந்தவர் டிக்கெட்டில் இருந்த தேதியை விரலால் தொட்டு இரண்டு தடவை படித்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கடைசியில் ஃபைலை மூடினார்.

"சரி. போய்ட்டு வரலாம்."

வால்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா!"

விசா ஒட்டின பாஸ்போர்ட் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை; அக்கா உத்தரவில்லாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் ஊர் தாண்ட முடியாது. சற்றுமுன் தொங்கிய முகத்தோடு வெளியே போன அண்ணன் மகன் ஜாக்சனையும் அவன் மனைவியையும் மணாலிக்கே விடாத அக்கா, இவர்கள் தேனிலவுக்குக் கோவா என்றதும் சவேரியார் உடல் இருக்கிற ஊராச்சே என்று பஸ் பிடித்து முப்பது பேரோடு கூடவே வந்த அக்கா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஃப்ளோரன்ஸ் அக்கா விட்டதுதான் அதிசயம்.

"எதுக்குடா தேங்க்ஸ்?" ஃப்ளோரன்ஸ் டிராயரைத் திறந்து தன்னுடைய பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மே பதிமூணு அங்க ஃபாத்திமா மாதா திருவிழா. நம்ம பங்குக் கோயில்லேர்ந்து நாப்பது பேரு கிளம்பறோம். 'போய்ட்டு வரலாம்'னா நீங்க ரெண்டு பேர் மட்டும்னு நினைச்சியா? நாமடா, நாம!"