நிலத்தடி அறை இல்லாத ஊர்

“பின்னாடி இருக்கிற அந்தக் குட்டி வீட்டை இடிச்சுக் கொடுப்பாங்களா?” என்று கேட்டாள் ஆர்டித்.

மரிசெலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருடமாக ஃபீனிக்ஸ் முழுக்க வீடு காட்டுகிறவள் அவள். தோட்டத்துக் கோடியில் விருந்தாளிகளுக்கென்று தனிக் குளியலறையோடு ஒரு குட்டி வீடு இருந்தால், வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பார்கள். இந்த அம்மாளோ தேளைப் பார்த்த மாதிரி இரண்டடி பின்வாங்கினாள். அவள் கணவர் வெர்லின் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டே, அதற்குத் தனிக் கதவு வேறு இருக்கிறது என்று கவலைப்பட்டார்.

இருவரும் மினசோட்டாக்காரர்கள். பனியை வாரிக் கொட்டினது போதும், இனி வெயிலில் நிம்மதியாக இருக்கலாம் என்று டுலூத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள். காலையில் மெசாவில் ஒரு வீட்டைப் பார்த்தார்கள். ஒரு அறை கூடுதலாக இருக்கிறது, வேண்டாம். கில்பர்ட்டில் ஒன்று. நீச்சல் குளமா, வேண்டவே வேண்டாம். வாங்குகிறவர்கள் இல்லாததற்குச் சண்டை போட்டுத்தான் மரிசெலா பார்த்திருக்கிறாள். இருக்கிறதே என்று சண்டை போடுகிறவர்கள் இவர்கள்தான்.

மதியம் கடை வாசலில் இடம் காலியாக இருந்தும், நாலு வரிசை தள்ளி ஒரு மரத்து நிழலைத் தேடிப் பிடித்துக் காரை நிறுத்தினாள். மூன்று பேருக்கும் ஐஸ் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“உங்களுக்கு என்னதான் வேணும்னு சொல்லுங்க மேடம். இல்லைன்னா இந்த ஊரைச் சுத்தியே என் டயர் உருகிடும்.”

ஆர்டித் கணவரைப் பார்த்தாள். அவர் ஐஸைப் பார்த்தார்.

“எங்க பையன் கிப்,” என்றாள் கடைசியில். “தங்கமான பிள்ளை, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேங்கிறான்.”

அப்புறம் நிறுத்தவில்லை. டுலூத் வீட்டின் நிலத்தடி அறையில்தான் கிப்பின் வாசம். வேலை தேடிக்கொண்டே இருக்கிறான். எப்போது கேட்டாலும் ஏதோ ஒரு வகுப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான். இரண்டு தடவை காதலியோடு தனியாகப் போனான். இரண்டு தடவையும் துணி மூட்டையோடு திரும்பி வந்தான். பாலைக் குடித்துவிட்டுக் காலி டப்பாவைத் திரும்பவும் ஃபிரிட்ஜில் வைப்பான். போன மாதம் அவன் பிறந்தநாளுக்கு மூன்றடுக்கு சாக்லேட் கேக் செய்தாள். இரண்டு அடுக்கை அவனே தின்று தீர்த்தான். இப்போது ஒரு நண்பன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, நீங்கள் இடம் பிடித்ததும் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன் என்று காத்திருக்கிறான்.

“இங்க யாரும் நிலத்தடி அறை கட்டறதில்லைன்னு படிச்சோம்,” என்றார் வெர்லின். “அதுக்காகத்தான் இந்த ஊரையே தேர்ந்தெடுத்தோம்.”

வராதே என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள் மரிசெலா.

“அவன் முகத்தைப் பார்த்தா எனக்கு வாயே வராதும்மா,” என்றாள் ஆர்டித். கண் கலங்கியிருந்தது. “மிச்ச நாளையாவது நாங்க ரெண்டு பேரும் தனியா இருந்து பார்க்கணும்.”

மரிசெலாவுக்குப் பாவமாக இருந்தது.

“என் வீட்டிலயும் ஒண்ணு இருக்கு மேடம். இருபத்திரண்டு வயசு. பகல் ரெண்டு மணிக்குத்தான் பல் தேய்க்கும்.”

“அப்ப உனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை,” என்றாள் ஆர்டித்.

மரிசெலா காரைத் திருப்பினாள். நாற்பது நிமிடம் மேற்கே போய், மூத்தவர்களுக்கென்றே கட்டிய ஒரு குடியிருப்பின் வாசலில் நிறுத்தினாள். புல்லுக்குப் பதில் சரளைக்கல், காருக்குப் பதில் கோல்ஃப் வண்டி. அலுவலகத்துப் பெண் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் படித்துக் காட்டினாள். ஐம்பத்தைந்து வயது நிரம்பாத யாரும் இங்கே குடியிருக்க முடியாது. பெற்ற பிள்ளையானாலும் வருடத்துக்கு முப்பது நாள்தான். முப்பத்தோராம் நாள் பக்கத்து வீட்டுக்காரரே புகார் கொடுத்துவிடுவார்.

“அதை இன்னொரு தடவை படிங்க,” என்றாள் ஆர்டித். சங்கீதம் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இனிமேல் தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், புத்தகமே சொல்லிவிடும் என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கேயே ஒரு வீடு பிடித்துப்போயிற்று. கூடுதல் அறை ஒன்று இருந்தது. பரவாயில்லை, தையல் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றாள். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கியதும், அலுவலகத்திலேயே உட்கார்ந்து மகனை போனில் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டாள்.

“கண்ணா, வீடு அமைஞ்சுடுச்சுடா. ஆனா இங்க ஒரு பாழாப்போன சட்டம் இருக்கு. ஐம்பத்தஞ்சு வயசு ஆகாதவங்களைச் சேர்க்க மாட்டாங்களாம். நானும் அப்பாவும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டோம்.”

வெர்லின் போனைப் பார்த்துத் தலையாட்டினார். மரிசெலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கிப் சோபாவில் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது. பெற்ற வயிறு, ஆர்டித்துக்கு ஒரு கணம் மனசு கரைந்தே போயிற்று.

“அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்,” என்றான் கிப் சந்தோஷமாக. “கேக் செஞ்சவளே மறந்துட்டியேம்மா. போன மாசத்தோட எனக்கு ஐம்பத்தஞ்சு முடிஞ்சாச்சு.”